பழைய காலண்டர் தாள்கள்



திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீடு திரும்பும்போது, நம்மில் பலர் மனத்தில் ஒரு பெரிய பட்டியலையும் எடுத்துக்கொண்டுதான் திரும்புகிறோம். நாற்பது நாளும் காலைத் திருப்பலி, இரவில் ஐம்பத்து மூன்று மணிச் செபம், வாரம் மூன்று நாள் ஒருசந்தி, தினம் இரண்டு அதிகாரம் விவிலியம். முதல் வாரம் நன்றாகவே ஓடுகிறது. இரண்டாம் வாரம் உறவினர் வீட்டு விசேஷம், பிள்ளைக்குத் தேர்வு, ஒருநாள் தவறுகிறது. 'அதான் நேற்றே விட்டுப்போச்சே' என்று மறுநாளும் விடுகிறோம். குருத்து ஞாயிறு வருவதற்குள் பட்டியலில் மிஞ்சியிருப்பது, வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாததும் அதை நாலு பேரிடம் சொன்னதும்தான். குறை சொல்லவில்லை. ஒலிவாங்கிக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கும் அதே கதைதான்.

கர்தினால் பிரான்சிஸ் சேவியர் வான் துவானை நினைத்துப் பார்ப்போம். வியட்நாமில் நா திராங் மறைமாவட்டத்தின் ஆயராக எட்டு ஆண்டுகள் ஓடியாடி உழைத்தவர். 1975 ஏப்ரலில் சைகோனுக்கு மாற்றப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15, அன்னையின் விண்ணேற்பு விழாவன்று கைது செய்யப்பட்டார். மொத்தம் 13 ஆண்டுகள் சிறைவாசம். அதில் ஒன்பது ஆண்டுகள் தனிமைச் சிறை. எத்தனை நாள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. விடுதலை கிடைக்கும்வரை காத்திருப்பதா என்று யோசித்தவர், காத்திருப்பதில்லை, இன்றைய பொழுதை அன்பால் நிரப்புவது என்று முடிவெடுத்தார்.

முதலில் வீட்டுக்காவலில் இருந்தபோது மந்தையிடம் பேச வழியில்லை. ஒரு சிறுவனைக் கூப்பிட்டு, அம்மாவிடம் சொல்லிப் பழைய காலண்டர்களை வாங்கிவரச் சொன்னார். இரவு நேரத்தில் அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் சின்னச் சின்னதாக எழுதினார். சிறுவன் கொண்டுபோனான், அவன் வீட்டுப் பிள்ளைகள் படியெடுத்தார்கள். ஒன்றரை மாதத்தில் அது 1001 சிந்தனைகள் கொண்ட 'நம்பிக்கையின் பாதை' என்ற நூலாயிற்று.

திருப்பலிக்கும் அப்படித்தான். துணிமணி, பற்பசை கேட்டு எழுத அனுமதி கிடைத்தபோது, வயிற்று வலிக்கு மருந்தாகக் கொஞ்சம் திராட்சை இரசமும் கேட்டார். மக்கள் புரிந்துகொண்டார்கள். வயிற்று மருந்து என்று எழுதிய சின்னப் புட்டி வந்தது. டார்ச் விளக்கினுள் அப்பம் வந்தது. உள்ளங்கையில் மூன்று துளி இரசம், ஒரு துளி தண்ணீர். அதுவே அவருக்குப் பீடம், கிண்ணம், பேராலயம் எல்லாம்.

இப்படிப்பட்டவர் எந்நேரமும் செபித்திருப்பார் என்று தோன்றும். அவரே அதை மறுத்திருக்கிறார். களைப்பும் நோயும் மிஞ்சி, ஒரு செபம்கூடச் சொல்ல முடியாத நாள்கள் இருந்தனவாம். நமக்கு அவருடைய துணிவைவிட இந்த ஒப்புதல்தான் அதிகம் உதவுகிறது. முடியாத நாள் அவருக்கும் வந்தது. அதற்காக அடுத்த நாளை அவர் விட்டுவிடவில்லை.

பாலைவனத்தில் இஸ்ரயேலருக்கு மன்னா அன்றன்றைய அளவுக்குத்தான். நாளைக்கும் சேர்த்து வைத்தவர்களுக்குப் புழு நெளிந்தது. நேற்று விட்ட செபமாலையை இன்று இரட்டிப்பாகச் சொல்லி வட்டியோடு கட்டப் பார்ப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். இரண்டாம் நாளே அலுத்துவிடும். நேற்றையது ஆண்டவர் கையில் இருக்கட்டும்.

அளவைச் சிறிதாக்கிக்கொள்வோம். ஐம்பத்து மூன்று வேண்டாம், ஒரு பத்து மணி போதும். மூன்று நான்கு நிமிட வேலை. அதற்கென்று தனி நேரம் தேடினால் கிடைக்காது. எப்படியும் தினம் நடக்கிற ஒன்றோடு முடிந்துவைப்போம்: சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும், திரு இருதயப் படத்தின் முன் விளக்கு. காய்ச்சல் வந்த நாளில், விருந்தாளி இருக்கும் நாளில், ஒரே ஒரு 'அருள்நிறை மரியே'. அதுவும் கணக்கில் சேர்த்திதான்.

நாளைக்கு என்று தள்ளாமல் இன்றிரவே தொடங்குவோம். தட்டு கழுவியாயிற்றா? டி.வி. ரிமோட்டைக் கையில் எடுக்குமுன் பாட்டி சிலுவை அடையாளம் வரையட்டும். சின்னவன் பாதியிலேயே தூங்கிவிட்டால் தூங்கட்டும், எழுப்ப வேண்டாம். நாளைக்கு அவனையே விளக்கேற்றச் சொல்வோம்.