டூபிங்கனில் ஒரு வாடகை வீடு

ஜெர்மனியின் தென்மேற்கே, நெக்கர் ஆற்றங்கரையில் உள்ள டூபிங்கன் என்னும் சிறு நகரில், 1477-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இன்றும் இயங்குவதால், மரச்சட்டங்களுக்கிடையே சுவர் எழுப்பிய பழைய வீடுகள் நிறைந்த அவ்வூரில் வாடகைக்கு இடம் கிடைப்பது எளிதன்று. விளம்பரங்களில் காணப்படும் ‘கால்ட்மீட்டே’ என்பது இடத்துக்கு மட்டுமான வாடகை. வெப்பமூட்டல், தண்ணீர் முதலிய செலவுகளும் சேர்ந்தது ‘வார்ம்மீட்டே’. முன்பணம் மூன்று மாதக் கால்ட்மீட்டேயைத் தாண்டலாகாது என்றும், அதனை மூன்று தவணைகளில் செலுத்தலாம் என்றும் ஜெர்மானியச் சட்டம் கூறுவது குடியிருப்பவருக்குப் பெரும் ஆறுதல். ஆயினும், சமையலறை எனக் காட்டப்படும் அறையில் அடுப்போ அலமாரியோ இன்றி, சுவரில் குழாய் இணைப்பு மட்டும் நீட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. முன்பு குடியிருந்தவர் தமக்குச் சொந்தமான அவற்றைக் கழற்றிச் சென்றிருப்பார். குடியேறிய இரண்டு வாரங்களுக்குள், உரிமையாளர் தரும் சான்றுடன் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்தாக வேண்டும்.

இவை அனைத்தையும்விட விந்தையானது, ‘கேர்வோக்கே’ எனும் அவ்வட்டார வழக்கம்: பொதுப் படிக்கட்டைக் கூட்டித் துடைக்கும் பொறுப்பு வாரந்தோறும் ஒரு வீட்டாரிடமிருந்து அடுத்தவருக்கு மாறுகிறது, கதவில் அதற்கான பலகை தொங்கினால், அந்த வாரம் அவர்கள் முறை. வாடகை ஒப்பந்தத்திலேயே இக்கடமை எழுதப்பட்டிருக்கக்கூடும் என்பதால், கையெழுத்திடுமுன் அப்பகுதியைப் படித்துவிடுவது நல்லது.