பீடியும் பகுத்தறிவும்

(வாலிபர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



கடவுளைப் பற்றியோ, மதத்தைப் பற்றியோ, ஜாதியைப் பற்றியோ நாம் ஏதாவது பேசுவோம் என்று எதிர்பார்த்து இங்கு வந்திருப்பீர்கள். அவைகளைப் பற்றி நாளைக்கும் பேசலாம். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் பீடி, சுருட்டு, சிகரெட்டு ஆகியவைகளை விடுவதும், விட்ட முதல் சில நாட்களில் வரும் தவிப்பைச் சமாளிப்பதுமாகும். இது என்ன பிரமாதம் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் நமது தோழர்களிலேயே, மேடையில் மேஜையைக் குத்திக் கடவுள் இல்லை என்று பேசிவிட்டு, கூட்டம் முடியுமுன்னே பந்தலுக்குப் பின்னால் போய் நெருப்புக்குச்சி தேடுகிறவர்கள் அநேகர் இருக்கிறார்கள். கல்லுக்குத் தலை வணங்கமாட்டேன் என்கிறவர் ஒரு விரல் நீள இலைச் சுருளுக்கு நாளெல்லாம் தலை வணங்குவதைப் பற்றி நாம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

பீடி குடிப்பது பாவம் என்று சொல்ல நாம் வரவில்லை. பாவம், புண்ணியம், நரகம் என்கிற பூச்சாண்டிகளெல்லாம் நமக்கு வேண்டியதில்லை. உடம்புக்குக் கெடுதி, பணத்துக்குக் கெடுதி, மானத்துக்கும் கெடுதி என்பதே நமது கட்சி. பெரியவரைக் கண்டால் முதுகுக்குப் பின்னால் ஒளிக்க வேண்டியிருக்கிறது. முகமறியாதவனிடம் நெருப்பு இரக்க வேண்டியிருக்கிறது. கையில் காசில்லாத அன்று கடன் சொல்லிப் பல்லைக் காட்ட வேண்டியிருக்கிறது. "நெருப்புக் கொடுக்கும்போது எவனும் ஜாதி கேட்பதில்லை, ஆகவே பீடியே பெரிய சமத்துவவாதி" என்று ஒரு தோழர் வேடிக்கையாகச் சொன்னார். மயானத்திலும் நெருப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்காக அங்கே அவசரமாய்ப் போக வேண்டுமா?

சில கிராமங்களில் முனீஸ்வரனுக்கும் கருப்பனுக்கும் சுருட்டுப் படைக்கிறார்கள். ஆதிகாலந்தொட்டு சாமிக்குப் பிரியம் என்கிறார்கள். புகையிலை அமெரிக்காக் கண்டத்துச் செடி. 1492-இல் கொலம்பஸ் கூட்டத்தார் அங்கே போய்ப் பார்த்த பிறகுதான் மற்ற தேசத்தாருக்கு அது தெரியவந்தது. போர்த்துக்கீசியர் கப்பலில் அது நம் நாட்டுக்கு வந்து ஐந்நூறு வருஷங்கூட ஆகவில்லை. அப்படியானால் அதற்கு முன்னே முனீஸ்வரன் எதைக் குடித்துக்கொண்டிருந்தார்? பூசாரிக்குச் சுருட்டுப் பழக்கம் வந்த பிற்பாடுதான் சாமிக்கும் வந்தது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

அரசர்களும் இதைத் தடுத்துப் பார்த்தார்கள். இங்கிலாந்து ராஜா முதலாம் ஜேம்ஸ் 1604-இல் புகையிலையைத் திட்டிப் புத்தகமே எழுதி, வரியையும் ஏற்றினான். நம் நாட்டில் ஜஹாங்கீர் 1617-இல் கூடாதென்று உத்தரவு போட்டான். இரண்டும் பலிக்கவில்லை. 1950-இல் டால், ஹில் என்ற இரண்டு ஆங்கிலேய ஆராய்ச்சிக்காரர்கள், நுரையீரல் புற்றுநோயாளிகளையும் மற்ற நோயாளிகளையும் விசாரித்துக் கணக்குப் போட்டு, புகைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள சம்பந்தத்தை எடுத்துக் காட்டினார்கள். அதே டால் 1951 முதல் ஐம்பது வருஷ காலம் பிரிட்டிஷ் டாக்டர்களையே கவனித்து வந்து, 2004-இல் முடிவை வெளியிட்டார். விடாமல் சிகரெட்டுக் குடித்தவர்கள் குடிக்காதவர்களைவிட சராசரி பத்து வருஷம் முந்திச் செத்தார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது மற்றொன்று. 60 வயதில் விட்டவருக்கு மூன்று வருஷமும், 50-இல் விட்டவருக்கு ஆறும், 40-இல் விட்டவருக்கு ஒன்பதும், 30-இல் விட்டவருக்குப் பத்து வருஷமும் ஆயுள் திரும்பக் கிடைத்திருக்கிறது. "வயதாகிவிட்டது, இனிமேல் விட்டு என்ன?" என்று கேட்கிற பெரியவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். எந்தக் கோவில் உண்டியலில் போட்டால் ஆறு வருஷம் கிடைக்கும்?

பீடியில் புகையிலை கொஞ்சந்தானே, அது சிகரெட்டைப் போல் கெடுதியல்ல என்று ஏழைத் தோழர்கள் ஆறுதல் சொல்லிக்கொள்ளுகிறார்கள். இது சுத்தத் தப்பு. பீடி இலையில் காற்று எளிதில் புகாது. விட்டுவிட்டு இழுத்தால் அணைந்துவிடும். ஆகவே அடிக்கடி, அழுத்தி இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் நிகோடினும் சிகரெட்டைவிட அதிகமாகவே உள்ளே போகின்றன.

இனி, விடுவது ஏன் இவ்வளவு கஷ்டமாயிருக்கிறது என்பதைப் பார்ப்போம். புகையிலுள்ள நிகோடின் இழுத்த பத்து, இருபது விநாடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது. போனதும் ஒரு சுகம் தெரிகிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அதில் பாதி இரத்தத்தைவிட்டுப் போய்விடுகிறது. அதற்குப் பழகிவிட்ட மூளை மறுபடியும் கொண்டுவா என்று கேட்கிறது. கொட்டாவி வருகிறது, மனம் ஓடவில்லை, பெண்சாதி பிள்ளைகள்மேல் கோபம் வருகிறது. உடனே ஒன்று பற்றவைத்தால் எல்லாம் அடங்குகிறது. "பார், பீடிதான் என் கவலையைத் தீர்த்தது" என்கிறான். தோழர்களே, சோதிடன் வீட்டுக்குள் வந்து உனக்குச் சனி தோஷம் என்று பயமுறுத்தி, பிறகு அவனே பரிகாரம் செய்து பணம் வாங்கிக்கொண்டு போகிறானே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தோஷத்தை உண்டாக்கியதும் அது, தீர்த்ததாகப் பேர் வாங்குவதும் அது. பீடியே தொடாதவனுக்கு அந்தக் கொட்டாவியும் இல்லை, அந்தக் கோபமும் இல்லை.

"எங்களால் முடியாது, ஒரு மணி நேரம்கூட இருக்க முடியாது" என்பவர்களைப் பார்த்து நாம் கேட்கிறோம். சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டவர் ஒரு மண்டலம், 41 நாள், பீடியைத் தொடாமல் இருக்கிறாரா இல்லையா? ரம்ஜான் மாதத்தில் நமது முஸ்லிம் சகோதரர் விடியுமுன் தொடங்கிப் பொழுது சாயும்வரை சுமார் 13 மணி நேரம் இருக்கிறாரா இல்லையா? சிவகாசியில் பட்டாசு வேலைக்குப் போகிறவர் நெருப்பையும் பீடியையும் வாசலிலேயே விட்டுவிட்டு வேலை நேரமெல்லாம் உள்ளே இருக்கிறாரா இல்லையா? பட்டாசுக் கொட்டகையில் ஐயப்பனும் இல்லை, அல்லாவும் இல்லை. வெடித்துச் சாவோம் என்கிற அறிவு ஒன்றுதான் இருக்கிறது. அது போதுமானதாய் இருக்கிறது.

மாலைக்காரர் விஷயம் மிகவும் கவனிக்கத்தக்கது. புகையிலைத் தவிப்பு கடைசியாகப் பிடித்த சில மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்திற்கு வந்து, இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரத்திற்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அதாவது 41-ஆம் நாளன்று அவர் உடம்பு பெரும்பாலும் விடுதலை பெற்றுவிட்டது. கஷ்டமான வேலை முழுவதையும் அவரே செய்து முடித்துவிட்டார். ஆனால் மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும் டீக்கடைக்குப் போய் ஒன்று பற்றவைக்கிறார். ஏன்? தான் செய்த காரியத்திற்குத் தானே பாத்தியதை கொண்டாடாமல் சாமிக்குக் கொடுத்துவிட்டார். மாலை இருந்தவரை சாமி பார்த்துக்கொண்டது, மாலை போனதும் சாமி காவலும் போயிற்று என்று நினைக்கிறார். அவரிடம் நாம் சண்டை போட வேண்டியதில்லை. "ஐயா, 41 நாள் விட்டது நீர்தான், 42-ஆம் நாளும் நீரே இருக்கிறீர்" என்று சொன்னால் போதும்.

இனி அந்த முதல் நாட்களைப் பற்றி. விடுவதற்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல நாள், ராகுகாலம் பார்க்க வேண்டாம்; சம்பள நாளும் கல்யாண வீட்டு நாளும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். முதல் நாள் இரவே மிச்சமுள்ள கட்டையும் தீப்பெட்டியையும் வீட்டைவிட்டு அப்புறப்படுத்திவிடுங்கள். "ஆபத்துக்கு ஒன்று இருக்கட்டும்" என்று கூரையில் செருகி வைத்தால் அந்த ஆபத்து மறுநாள் காலை ஆறு மணிக்கே வந்துவிடும். வீட்டிலுள்ளவர்களிடமும் கூட வேலை செய்கிறவர்களிடமும் சொல்லிவிடுங்கள். மூன்று நாள் கொஞ்சம் சிடுசிடுப்பாய் இருப்பேன், பொறுத்துக்கொள் என்று பெண்சாதியிடம் மரியாதையாய்க் கேட்டுக்கொள்ளுவதில் ஆண்பிள்ளைத்தனம் ஒன்றும் குறைந்துவிடாது. இத்தனை வருஷம் அந்த அம்மாள் உங்கள் புகையையே பொறுத்துக்கொண்டார்.

ஆசை வரும்போது அது வளர்ந்துகொண்டே போய் நம்மைக் கொன்றுவிடும் என்று தோன்றும். அப்படியல்ல. அது பெரும்பாலும் சில நிமிஷங்களில் எழும்பித் தானே தணிந்துவிடும், பீடி குடித்தாலும் குடிக்காவிட்டாலும். ஆகவே உங்களுக்கு வேண்டியதெல்லாம் ஒவ்வொரு தடவையும் ஐந்து பத்து நிமிஷத்தைக் கடத்துவதுதான். ஒரு செம்பு தண்ணீரை மெதுவாகக் குடியுங்கள். எழுந்து தெருக்கோடி வரை நடந்து வாருங்கள். வாயில் ஏலக்காயோ கிராம்போ நெல்லிக்காயோ போட்டுக்கொள்ளுங்கள். கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள். பத்திரிகை படிப்பதும் நல்லதே. சாப்பிட்டவுடனும் டீக்கடையிலும்தான் ஆசை அதிகம் வரும். ஆகையால் சாப்பிட்டதும் உட்காராமல் எழுந்துவிடுங்கள். பீடி நண்பர்கள் கூடும் கடையை ஒரு மாதத்திற்கு மாற்றிக்கொள்ளுங்கள், கடைக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

டீ, காப்பியைப் பற்றி அநேகருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. புகை குடிக்கிறவர் உடம்பு காப்பியின் சத்தைச் சீக்கிரம் கரைத்துவிடுகிறது. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைவதால், அதே நான்கு டம்ளர் குடித்தால் படபடப்பும் தூக்கமின்மையும் உண்டாகும். அதைப் பீடி இல்லாததால் வந்த கேடு என்று எண்ணிவிடுகிறார்கள். விட்ட வாரத்திலிருந்து டீயையும் காப்பியையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

"பீடி குடித்தால்தான் வெளிக்குப் போகும்" என்று சொல்லுவார்கள். இதில் கொஞ்சம் வாஸ்தவம் உண்டு. நிகோடின் குடலைத் தூண்டுகிறது. விட்டால் சில நாள் மலச்சிக்கல் இருக்கலாம். அதற்குத் தண்ணீர், கீரை, வாழைப்பழம், நடை இருக்கின்றன. மற்றொருவர் "விட்டதும் இருமலும் சளியும் வந்துவிட்டது, பீடி இருந்தவரை நெஞ்சு நன்றாயிருந்தது" என்பார். மூச்சுக்குழாயில் அழுக்கைத் தள்ளும் மெல்லிய மயிர்கள் இருக்கின்றன. புகை அவைகளை மயங்கடித்து வைத்திருந்தது. அவை விழித்து வீட்டைப் பெருக்க ஆரம்பித்திருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் சளியில் இரத்தம் கண்டாலோ, வாரக்கணக்கில் இருமல் நிற்காவிட்டாலோ தாயத்துக்காரனிடம் போகாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

பீடிக்குப் பதிலாக வாயில் புகையிலையையோ பாக்குப் பொட்டலத்தையோ அடக்கிக்கொள்ளுகிறவர்கள் எஜமானனை மாற்றினார்களே தவிர விடுதலை அடையவில்லை. வாய்ப்புற்று அங்கேதான் காத்திருக்கிறது. மிகவும் பழகினவர்களுக்கு மருந்துக்கடையில் நிகோடின் சூயிங்கம் கிடைக்கிறது. அதை மிட்டாயைப் போல் மென்று விழுங்கக்கூடாது. காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். அதுவும் விஷமல்லவா என்று கேட்கலாம். ஆளைக் கொல்லுவதில் பெரும்பங்கு புகையிலுள்ள தாருக்கும் வாயுக்களுக்கும் உரியது. அவை இதில் இல்லை. அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து அதையும் விட்டுவிடலாம். இருதய நோயுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். யோசனை சொல்ல சர்க்கார் 1800-11-2356 என்ற இலவச டெலிபோன் வைத்திருக்கிறார்கள். 2018 முதல் அந்த நெம்பரைப் புகையிலைப் பாக்கெட்டின் மேலேயே அச்சடிக்கச் செய்திருக்கிறார்கள். பாக்கெட்டைத் தூக்கியெறியுமுன் அதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேளை நடுவில் ஒன்று குடித்துவிட்டால்? கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவனுக்கு இங்கேதான் ஆபத்து. சத்தியம் தவறிவிட்டது, சாமி குற்றம் வந்துவிட்டது, இனி ஒன்றானால் என்ன நூறானால் என்ன என்று பழையபடி கட்டுக்கட்டாய் வாங்கிவிடுகிறான். சத்தியமே செய்யாதவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. எந்த இடத்தில், யாரோடு இருந்தபோது கை நீண்டது என்று யோசித்துப் பார்த்து, அடுத்த தடவை அந்த இடத்தைத் தவிர்த்துக்கொண்டு, மறு நிமிஷத்திலிருந்தே தொடரலாம். பல தடவை முயன்று பிறகு விட்டவர்களே அதிகம்.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். தினம் முப்பது ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்திற்கு 10,950 ரூபாய். அந்தக் காசை நாள்தோறும் ஒரு டப்பாவில் போடச் சொல்லி வீட்டுப் பெண்களிடம் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு தாயார் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். "எல்லோரும் பீடியை விட்டுவிட்டால் பீடி சுற்றிப் பிழைக்கும் நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. திருநெல்வேலி, தென்காசி, வேலூர்ப் பக்கங்களில் ஏராளமான பெண்கள் இதனால்தான் கஞ்சி குடிக்கிறார்கள். அவர்களே நாளெல்லாம் புகையிலைத் தூளை மூச்சில் இழுத்து, முதுகு வளைந்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று முதலாளி கொடுக்கிற அற்பக் கூலியை வாங்குகிறார்கள். அவர்களுக்காக நாம் பீடி குடிப்பது அவர்களுக்குச் செய்கிற உபகாரமாகாது. வேறு தொழிலும் சரியான கூலியும் கேட்டு அவர்களோடு நிற்பதுதான் உபகாரம். அது ஒரு நாள் கூட்டத்தில் முடிகிற விஷயமல்ல. அடுத்த மாதக் கூட்டத்தை அதற்காகவே வைத்துக்கொள்ளலாம் என்றும், அதில் பீடி சுற்றும் தாய்மார்களே முதலில் பேச வேண்டும் என்றும் அக்கிராசனரைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.