பொது நிலத்தைக் காப்பது யார்?

(மாமல்லபுரத்தை அடுத்த கடலோரக் கிராமமொன்றில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சுவையற்றது என்று சிலருக்குத் தோன்றலாம். கடவுளைப் பற்றியோ புராணத்தைப் பற்றியோ பேசினால் ஆதரிக்கிறவர்களும் வருவார்கள், ஆத்திரப்படுகிறவர்களும் வருவார்கள். சர்வே நம்பரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றால் இரு சாராரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனாலும் பேசத்தான் வேண்டியிருக்கிறது. 1929-ஆம் வருஷம் பிப்ரவரி 17, 18 தேதிகளில் நம் செங்கற்பட்டில்தான் முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாடு கூடிற்று. மனிதனுக்கு மனிதன் தாழ்ந்தவனல்ல என்று அங்கே முழங்கினோம். ஆனால் நிற்க ஓரடி நிலமும், குடிக்க ஒரு குளமும், பிணத்தைப் புதைக்க ஒரு மூலையும் பிறத்தியார் தயவில் இருக்குமானால், அப்படிப்பட்டவனுக்குச் சுயமரியாதை எங்கிருந்து வரும்?

புறம்போக்கு என்று ஒரு வார்த்தை இருக்கிறது. ஒருவனைத் திட்டுவதற்கு அதை உபயோகிக்கிறோம். உண்மையில் அதன் அர்த்தம் என்ன? தீர்வைக் கணக்குக்குப் புறம்பாக நிறுத்தி வைத்த நிலம், அவ்வளவுதான். ஏரி, குளம், வாய்க்கால், மேய்ச்சல் தரை, களம், மந்தைவெளி, தோப்பு, சுடுகாடு, இடுகாடு, வலை காயவைக்கும் மணல்மேடு ஆகிய எல்லாம் இதற்குள் அடக்கம். பட்டா உள்ளவனுக்கு அவன் பட்டா இருக்கிறது. பட்டா இல்லாதவனுக்கு இருப்பதெல்லாம் இதுதான். ஆகவே புறம்போக்கு பறிபோனால் முதலில் வயிறு காய்கிறவன் ஏழை.

சரி, இதைக் காப்பது யார்? மதுராந்தகத்துக்குப் போனால் பதில் தயாராக இருக்கிறது. அங்கே ஏரி காத்த ராமர் என்று ஒரு சாமி உண்டு. கும்பினிக் காலத்தில் இந்த ஜில்லா கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்ற வெள்ளைக்காரர், 1798-ல் பெருமழையின்போது ஏரிக்கரை உடையுமோ என்று பார்க்கப்போனாராம். ராமனும் லக்ஷ்மணனும் வில்லோடு கரையில் நின்று காவல் காத்ததைக் கண்டாராம். மகிழ்ந்துபோய்க் கோவிலில் தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுத்தாராம். நான் கேட்பதெல்லாம் இதுதான். அதற்குச் சில வருஷங்களுக்கு முன் அதே கரை உடைந்ததே, அப்போது வில் எங்கே போயிற்று? உடைந்த கரைக்கு மண் சுமந்தவர்கள் யார்? மடை திறந்து அடைத்த நீர்க்கட்டி யார்? பெரும்பாலான ஊர்களில் அவன் சேரியைச் சேர்ந்தவன். கரையைக் காத்தவனுக்குக் கோவிலுமில்லை, கதையுமில்லை. அந்த ஏரித் தண்ணீரைத் தொடக்கூட அவனுக்கு உரிமையில்லாமல் இருந்தது. ராமன் காப்பான் என்று உட்கார்ந்திருந்த ஊர்களில் இன்று ஏரியைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எத்தனையோ ஏரிகள் மனைக்கட்டுகளாகிவிட்டன. ஆக்கிரமிக்கிறவன் வில்லுக்குப் பயப்படுவதில்லை, வரைபடத்துக்குத்தான் பயப்படுகிறான்.

நிற்க. பொது என்கிறோமே, யாருக்குப் பொது? இந்த ஜில்லாவில் மிராசுதாரர்கள் என்போர் தரிசு நிலத்துக்கும் தாங்களே பாத்தியஸ்தர்கள் என்றார்கள். சேரிக்காரன் குடிசை போட்ட இடமும் அவர்கள் இடம் என்றார்கள். கூலி அதிகம் கேட்டவனை மறுநாளே குடிசையிலிருந்து துரத்த முடிந்தது. 1891-ல் இங்கே கலெக்டர் வேலை பார்த்த திரமென்ஹீர் என்பவர் இந்த அக்கிரமத்தை விவரமாக எழுதி சர்க்காருக்கு அறிக்கை அனுப்பினார். அதன் பலனாக 1892-ல் ஓர் உத்தரவு பிறந்தது. ராஜதானி முழுவதும் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பத்து வருஷம் வரை விற்கக் கூடாது. பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அதுதான் பஞ்சமி நிலம். அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் அனுபவத்தில் இருக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1994-ஆம் வருஷம் காரணைக் கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கப் புறப்பட்டவர்கள் அங்கே அம்பேத்கர் சிலையை நாட்டினார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து அக்டோபர் 10-ஆம் தேதி செங்கற்பட்டில் கூடியவர்கள்மீது போலீசார் சுட்டார்கள். ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்கள் மாண்டார்கள். நூறு வருஷத்துக்கு முன் சர்க்காரே கொடுத்த நிலத்தைக் கேட்டதற்குச் சர்க்கார் கொடுத்த விலை அது. ஆகவே தோழர்களே, பொது நிலத்தைக் காப்போம் என்று எவராவது பேசினால், பஞ்சமி நிலத்தைப் பற்றி என்ன சொல்கிறீர் என்று முதலில் கேளுங்கள்.

கடற்கரைக்கு வருவோம். மாமல்லபுரத்துக் கல்லுக்குக் காவல் உண்டு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். இதை நான் குறை சொல்லவில்லை. கல்லுக்கு அளந்து வேலி போடத் தெரிந்த சர்க்காருக்கு, கட்டுமரம் இழுத்துவிடும் மணலுக்கு மட்டும் ஏன் அளக்கத் தெரியவில்லை என்றுதான் கேட்கிறேன். 1991-ல் வந்த கடலோர அறிவிக்கை அலையேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு விதித்தது. கிராமக் கரைகளில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாதென்றது. 2019-ஆம் வருஷத்து அறிவிக்கையோ ஜனநெருக்கமுள்ள கிராமப் பகுதிகளில் அந்த 200-ஐ 50 ஆக்கிவிட்டது. 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கிய பிறகு மீனவனைப் பார்த்து, 200 மீட்டருக்குள் இருப்பது ஆபத்து, அப்பால் போனால்தான் வீட்டுக்கு உதவி என்றார்கள். மீனவன் இருந்தால் ஆபத்து. உல்லாச விடுதி இருந்தால் அபிவிருத்தி. இது என்ன நியாயம்? நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் சென்னைக்குக் கொடுக்கக் கட்டப்பட்டது; 2024-ல் 15 கோடி லிட்டருக்கு இரண்டாவது ஆலையும் வந்தது. பட்டணத்தான் தாகம் தீர வேண்டியதுதான். ஆனால் கரையும் கடலும் மாறும் காரியங்களில், கரையில் பிழைக்கிறவன் வார்த்தை கடைசி வார்த்தையாகக்கூட இல்லாமல் போகலாமா?

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1994-ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு, மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகளை ஊராட்சியிடம் ஒப்புவிக்கிறது. ஆனால் கலெக்டர் ஊராட்சியைக் கலந்துகொண்டு எதையும் அதிலிருந்து விலக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்லுகிறது. கலந்துகொள்ளும்போது நம் ஊராட்சி வாயைத் திறந்ததா, மூடியதா என்று நமக்குத் தெரிய வேண்டாமா? அரசியல் சட்டமோ ஜில்லாவுக்கு ஒரு திட்டக் குழு இருக்க வேண்டும். நிலத்தையும் நீரையும் சுற்றுப்புறப் பாதுகாப்பையும் அது கவனித்துத் திட்டம் போட வேண்டும் என்கிறது. எழுத்தில் குறைவில்லை. ஆனால் 2016 முதல் 2021 வரை ஐந்து வருஷம் இந்த ஜில்லாக் கிராமங்களில் தேர்தலே நடக்காமல் தனி அதிகாரிகள் ஆண்டார்கள். வீட்டுக்காரன் இல்லாத வீட்டில் சாமான் எப்படித் தங்கும்?

ஊராட்சியிடம் கொடுத்தால் ஊர்ப் பெரிய மனிதன்தானே விழுங்குவான் என்று ஒரு தோழர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தலைவர் நாற்காலியைப் பெரிய ஜாதிக்காரனுக்குப் பரம்பரைச் சொத்தாக விட்டுவிட்டு, பொது நிலம் மட்டும் பொதுவாக இருக்கும் என்று நினைப்பது மடமை. அதனால்தான் தலைவரை நம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. கிராம சபையை நடத்துங்கள் என்கிறேன். குடியரசு நாள், தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி, உள்ளாட்சி நாள் ஆக வருஷத்துக்கு ஆறு முறை அது கூட வேண்டும் என்று 2022-ல் ஏற்பாடாயிற்று. இதில் சேரியும் குப்பமும் உட்காராவிட்டால் அது கிராம சபையல்ல, பண்ணையார் திண்ணை.

மற்றொன்று. ஆக்கிரமிப்பை அகற்றுகிறோம் என்று சொல்லிக் கொண்டு போக்கிடமில்லாதவன் குடிசையைப் பிடுங்கிவிட்டு, பணக்காரன் மதிற்சுவரைத் தொடாமல் வருவது காப்பதாகாது. 2011 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு கிராமப் பொது நிலங்களை மீட்கும்படி எல்லா மாகாண சர்க்கார்களுக்கும் உத்தரவிட்டபோதுகூட, நிலமற்ற கூலிகளுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் சர்க்கார் அறிவிப்பின்படி கொடுத்த இடங்களைத் தனியாகப் பார்க்கச் சொல்லிற்று. தரித்திரத்தால் ஒதுங்கியவன் வேறு, பேராசையால் வளைத்தவன் வேறு.

ஆகவே தோழர்களே, கைதட்டிவிட்டுப் போகாதீர்கள். கிராம நிர்வாக அதிகாரியிடம் உள்ள 'அ' பதிவேட்டில் புறம்போக்கு நம்பர்களையும் பஞ்சமி நம்பர்களையும் வேறு வேறாகக் குறித்துக் கொள்ளுங்கள். புலப்படத்தின் நகல் வாங்குங்கள். பத்துப் பேராக, ஆணும் பெண்ணுமாக, எல்லைக்கல்லைத் தேடி நடந்து பாருங்கள். அடுத்த கிராம சபையில் நம்பர் நம்பராகப் படித்து, யார் அனுபவத்தில் இருக்கிறது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், மறுத்ததையும் எழுதச் சொல்லுங்கள்.

உள்ளாட்சிக்கு என்ன அதிகாரம் என்று ஏளனம் செய்யாதீர்கள். அந்தச் செங்கற்பட்டு மகாநாட்டுக்குத் தலைமை வகித்த தோழர் சௌந்திரபாண்டியன் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராயிருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் இல்லை என்றார். பஸ் கதவு திறந்தது. இந்த ஜில்லாவில் மதுராந்தகத்தையடுத்த கோழியாளத்தில் பிறந்த ரெட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லோருக்கும் உரியவை என்று 1924-ல் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். குளத்தில் இறங்கும் உரிமையை அவர்கள் வாங்கிக் கொடுத்தார்கள். இறங்குவதற்குக் குளம் இருக்கிறதா என்று பார்ப்பது நம்முடைய வேலை.