கடல் தாண்டிய ஆசிரியர் அறை
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



ஆசிரியர்களிடம் பேச ஒரு வைத்தியரை அழைத்திருக்கிறீர்கள். தொழில் வேறானாலும் நம் இருவருக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. அது தனிமை. நகரத்துப் பெரிய பாடசாலையில் கணித ஆசிரியர்கள் பலர் இருப்பர். சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்கலாம். தீவகத்துச் சிறிய பாடசாலைகளில் ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான். குறிகட்டுவானில் படகேறி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் சென்று நெடுந்தீவில் படிப்பிக்கும் ஆசிரியை யாரிடம் கேட்பார்? கருத்தரங்குக்கு நகரம் போனால் அன்றைய பாடம் நின்றுபோகும். நட்டம் பிள்ளைகளுக்குத்தான்.

மருத்துவத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் ஈரல் அழற்சி சி நோயாளிகள் நெடுந்தூரம் பயணம் செய்தும், சிகிச்சைக்காக மாதக்கணக்கில் காத்திருந்தும் துன்பப்பட்டனர். வைத்தியர் சஞ்சீவ் அரோரா 2003இல் 'எக்கோ' என்ற திட்டத்தைத் தொடங்கி, கிராமத்து வைத்தியர்களை வாரந்தோறும் காணொளியில் ஒன்றுகூட்டினார். ஒருவர் தம் நோயாளியின் நிலையைச் சொல்வார். மற்றவர்கள் கூடி ஆராய்வார்கள். 2011இல் வெளியான ஆய்வின்படி, பல்கலைக்கழகக் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களில் 57.5 வீதமானோரும், கிராமத்து நிலையங்களிலும் சிறைகளிலும் சிகிச்சை பெற்றவர்களில் 58.2 வீதமானோரும் குணமடைந்தனர். பின்னர் இதே முறை ஆசிரியர்களிடமும் சென்றது.

இதன் பலம் கருவியில் இல்லை. குறித்த நேரம், உண்மையான ஒரு பிரச்சினை, எல்லாரும் கற்பவர் என்ற பணிவு ஆகிய மூன்றும்தான் அதன் பலம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நம் ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பிலும் வைபரிலும் பாடம் அனுப்பினார்கள். அந்தக் கைபேசி இன்றும் கையில் இருக்கிறது. ஆனால் குழுக்களிலோ சுற்றறிக்கையும் காலை வணக்கமும்தான் நிறைகின்றன.

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் ஒரே பாடம் படிப்பிப்போர் ஆறேழு பேர் போதும். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு அரை மணி நேரம் கூடுங்கள். "பின்னங்களைக் கூட்டும்போது என் பிள்ளைகள் பகுதியெண்களையும் கூட்டிவிடுகிறார்கள், என்ன செய்யலாம்?" என்று ஒருவர் கேட்கட்டும். பிள்ளையின் பெயரை மறைத்து விடைத்தாளைப் படமெடுத்து அனுப்பட்டும். நாங்கள் நோயாளியின் பெயரைக் காப்பதுபோல நீங்களும் பிள்ளையின் பெயரைக் காக்க வேண்டும். சிக்னல் குறைந்த இடத்தில் இருப்பவருக்குக் குரற்பதிவு போதும்.

கிடைத்த நல்ல விடைகளைச் சேமித்து வையுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த சமூகம் நாம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம், தன்னார்வலர்கள் கூடினால் எவ்வளவு சேர்க்கலாம் என்று காட்டியிருக்கிறது. உங்கள் பாடக்குறிப்புகளும் அப்படிச் சேர வேண்டியவைதான்.

புலம்பெயர்ந்த சகோதரிகளே, கட்டடத்துக்கும் கணினிக்கும் நீங்கள் தந்ததை ஊர் மறக்காது. இப்போது நான் கேட்பது உங்கள் நேரத்தை. இங்கே சனி இரவு எட்டு மணியானால் லண்டனில் பிற்பகல், ரொறன்ரோவில் முற்பகல். உங்களில் பொறியியலாளர், தாதியர், ஆசிரியர் எனப் பலர் உண்டு. மேலிருந்து போதிக்க வராமல், சக ஆசிரியராகக் கேட்க வாருங்கள். அந்த வகுப்பை அறிந்தவர் அங்கே படிப்பிப்பவர்தான்.

இன்று மண்டபத்தை விட்டுப் போகுமுன், உங்கள் பாடத்தைப் படிப்பிக்கும் வேறு பாடசாலை ஆசிரியர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தையாவது வாங்கிச் செல்லுங்கள். அடுத்த சனிக்கிழமைக்கு ஒரு கேள்வியையும் எழுதி வையுங்கள்.