வாய்ச்சொல்லும் விசுவாசமும்: இயேசுவின் இறுதி நாட்கள்



மாற்கு எழுதிய நற்செய்தி 16 அதிகாரங்களை உடையது. அவற்றுள் இறுதி ஆறு அதிகாரங்களும் எருசலேமில் கழிந்த ஒரே வாரத்தின் செய்திகளைக் கூறுவன. யோவானின் நூலிலோ ஏறத்தாழப் பாதிப் பகுதி அந்த வாரத்திற்கே உரியது. இயேசுவின் முந்தைய பணிக்காலத்தை விரைந்து சொல்லிச் செல்லும் ஆசிரியர்கள் இங்கு வந்ததும் நடை தளர்கிறார்கள். நாழிகை நாழிகையாக நடக்கிறார்கள். யார் எங்கே நின்றார், யார் எதற்கு விடை கூறவில்லை என்பன போன்ற சிறு செய்திகளும் அவர்கள் பார்வையிலிருந்து தப்பவில்லை.

அந்த வாரத்தை மீட்பின் வரலாறாகக் காண்பது திருச்சபையின் மரபு. அதனைச் சொல்லின் வரலாறாகவும் காணலாம். அந்நாட்களில் எருசலேமில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. வாழ்த்து, வாக்குறுதி, வழக்குரை, பொய்ச்சான்று, ஏளனம், மறுப்பு என மனிதர் வாயில் பிறக்கும் எல்லா வகைச் சொல்லும் அங்கே ஒலித்தது. அவற்றுள் எவை நிலைத்தன, எவை உதிர்ந்தன என்று பார்க்கும்போது, விசுவாசம் பற்றிய ஒரு கடுமையான பாடம் புலப்படுகிறது. தமிழ்க் கிறித்தவர் வழக்கில் விசுவாசம் என்னும் சொல் 'அறிக்கை', 'பிரமாணம்' ஆகிய சொற்களோடு சேர்ந்து வருவது மிகுதி. வாயினால் சொல்லப்படுவதே விசுவாசம் என்ற எண்ணம் அதனால் வேரூன்றிவிட்டது. இறுதி வாரம் அவ்வெண்ணத்தை அசைத்துப் பார்க்கிறது.

முதலில் கேட்பது 'ஓசன்னா' என்னும் முழக்கம். இது எபிரேயத்தில் மீட்டருளும்படி வேண்டும் மன்றாட்டு. வழக்கில் தேய்ந்து வாழ்த்தொலியாயிற்று. அழுகைக்குரிய சொல் ஆரவாரத்திற்குரிய சொல்லாக மாறியது மொழியியல் நோக்கில் எண்ணத்தக்கது. ஒலிவமலைச் சரிவில் கழுதைக் குட்டியின்மீது வந்தவர்க்கு முன்னும் பின்னும் அச்சொல் முழங்கிற்று. அன்று மாலை இயேசு தேவாலயத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பொழுது சாய்ந்தமையால் பெத்தானியாவுக்குத் திரும்பினார் என்று மாற்கு முடிக்கிறார். அத்துணை முழக்கத்திற்குப் பின் அவரை இரவு தங்கச் சொன்னவர் நகரில் ஒருவரும் இருந்ததாகச் செய்தி இல்லை.

ஈண்டு ஒன்று சுட்ட வேண்டும். ஓசன்னா பாடிய அதே வாய்களே வெள்ளியன்று சிலுவையில் அறையும்படி கூவின என்று சொற்பொழிவாளர் பலர் முழங்குவது வழக்கம். கேட்பதற்கு அது சுவையாகத்தான் இருக்கிறது. ஆயின் நற்செய்தி நூல்கள் அவ்வாறு கூறவில்லை. முன்னவர் பண்டிகைக்கு அவரோடு வந்த பயணிகள். பின்னவர் விடியற்பொழுதில் ஆளுநரின் வாயிலில் தலைமைக் குருக்களால் தூண்டப்பட்ட கூட்டத்தார். இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்றில்லை. முரண்தொடையின்மீது கொண்ட ஆசையால் ஓர் இனத்தார் முழுவதன்மேலும் பழி சுமத்திய பேச்சுகள் உலகில் எத்துணைக் கொடுமைகளுக்கு வழிகோலின என்பதை வரலாறு அறியும். அழகாக அமைந்துவிட்ட வாக்கியத்தை ஐயுறுவதும் எழுதுவோர் கடமையே.

பெத்தானியாவில், தொழுநோயாளியாயிருந்த சீமோன் வீட்டுப் பந்தியில், ஒரு பெண் நளதத் தைலக் குப்பியை உடைத்து இயேசுவின் தலையில் ஊற்றுகிறாள். அதன் விலை 300 தெனாரியத்திற்கு மேல். ஒரு தெனாரியம் அக்காலத்தில் ஒரு தொழிலாளியின் ஒருநாட் கூலியாதலின், அது ஏறக்குறைய ஓர் ஆண்டின் உழைப்பு. சுற்றியிருந்தோர் பேசத் தொடங்குகின்றனர். அத்தைலத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்கின்றனர். கருத்தளவில் பழுதற்ற பேச்சு! அவளோ வாய் திறக்கவில்லை. தம் அடக்கத்திற்கு முன்னேற்பாடாக இதனைச் செய்தாள் என்று இயேசுவே அவள் செயலுக்கு உரை சொல்கிறார். அவர் இறக்கப் போகிறார் என்பதைப் பன்னிருவரும் காதால் கேட்டிருந்தனர். கையால் கேட்டவள் அவள் ஒருத்திதான். நற்செய்தி அறிவிக்கப்படும் இடமெல்லாம் அவள் செயலும் சொல்லப்படும் என்ற வாக்கைப் பதிவு செய்த மாற்கு, அவள் பெயரைப் பதிவு செய்யவில்லை. யோவானே, இலாசருவின் சகோதரி மரியாள் என்று இதையொத்த நிகழ்ச்சியில் பெயர் சுட்டுகிறார்.

இனி இரவுக்கு வருவோம். பந்தி முடிந்து ஒலிவமலைக்குச் செல்லும் வழியில் எல்லாரும் இடறி விழுவர் என்கிறார் இயேசு. பேதுரு உடனே மறுக்கிறார். மற்ற யாவரும் விழுந்தாலும் தாம் விழுவதில்லை என்பது அவர் கூற்று. சாகவேண்டி வந்தாலும் மறுதலியேன் என்று மேலும் உறுதியளிக்கிறார். ஏனையோரும் அவ்வாறே சொன்னதாக மாற்கு சேர்க்கும் சிறுதொடரைப் பலரும் கவனிப்பதில்லை. வாக்குத் தவறியவர் பேதுரு ஒருவரல்லர். அவருடைய சொல் மட்டும் தனித்துக் கேட்டது; அவ்வளவே. அச்சொல் பொய்யும் அன்று. சொன்ன பொழுதில் அவர் நெஞ்சில் அது முழு உண்மையாகவே இருந்தது. பிழை வேறோரிடத்தில் இருந்தது. தம் பற்றினை அவர் பிறர் பற்றோடு நிறுத்துப் பார்த்தார்.

கெத்சமனே என்னும் பெயர்க்கு எண்ணெய்ச் செக்கு என்பது பொருள். அங்கே உறுதிமொழி தந்தவர்கள் உறங்குகின்றனர். எந்த உறுதிமொழியும் தராதவர் தரையில் விழுந்து, கூடுமானால் இந்தக் கிண்ணம் தம்மைவிட்டு நீங்கவேண்டும் என மன்றாடுகிறார். மும்முறை அதே வேண்டுகோள். விசுவாசம் என்பது அச்சமின்மை என்று போதிப்போர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவர். அஞ்சினார், கலங்கினார், துயருற்றார் என மூல நூல் மறைக்காமல் கூறுகிறது. சாவைப் புன்முறுவலோடு ஏற்ற சாக்ரடீசின் இறுதியைப் பிளேட்டோ வரைந்த ஓவியத்தோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு தெளிவாகும். தோட்டத்தில் மண்டியிட்டவர் வீரவுரை எதுவும் ஆற்றவில்லை. தம் விருப்பம் இன்னதென்று ஒளிக்காமல் சொன்னார். பின்னர் அவ்விருப்பத்தைத் தந்தையின் கையில் விட்டார். இரண்டும் சேர்ந்ததே அங்கே மன்றாட்டு. முதற்பகுதியை விழுங்கிவிட்டு இரண்டாம் பகுதியை மட்டும் சொல்லும் பக்தியில் பாதி வேடம் உண்டு.

யூதாஸ் வருகிறான். 'ரபீ' என்னும் மதிப்புச்சொல்லும் முத்தமுமே அவன் காட்டிக்கொடுக்கும் அடையாளம். அதற்குமேல் அவனைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. உலகம் போதிய அளவு பேசிவிட்டது.

நிறுத்திக் காணவேண்டிய இடம் தலைமைக் குருவின் முற்றம். குளிர் மிகுந்த இரவு. வேலையாட்கள் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்கின்றனர். பேதுருவும் அவர்களோடு இருக்கிறார். ஏனையோர் ஓடிவிட்டபோது அவர் தொலைவிலேனும் பின்தொடர்ந்து வந்தார் என்பதை மறத்தலாகாது. உள்ளே ஓடாதவர், வெளியே நில்லாதவர் என்னும் இரண்டுங்கெட்ட நிலை அவருடையது. மாற்கு இக்காட்சியை அமைத்திருக்கும் திறம் வியத்தற்குரியது. உள்ளே இயேசு வினவப்படுகிறார். வெளியே பேதுரு வினவப்படுகிறார். உள்ளே கேட்பவர் தலைமைக் குரு. வெளியே கேட்பவள் ஒரு பணிப்பெண். உயிர் போகும் என்று அறிந்தும், தாம் யார் என்பதை உள்ளிருப்பவர் ஒப்புக்கொள்கிறார். வெளியே இருப்பவர், அந்த மனிதனை அறியேன் என்கிறார். சாவதற்கும் ஆயத்தமாயிருந்த வீரம், வாளின் முன்னன்று, ஒரு சிறுபெண்ணின் கேள்வியின் முன் சரிகிறது. பெருஞ்சோதனைக்கு ஆயத்தமாயிருப்போரை வீழ்த்துவது பெரும்பாலும் இத்தகைய சிறுகேள்வியே.

கலிலேயப் பேச்சுவழக்கே பேதுருவைக் காட்டிக்கொடுத்தது என்கிறார் மத்தேயு. வாய் மறுத்ததை அவ்வாயின் ஒலிப்பே ஒப்புக்கொண்டது. தாய்மொழி அவரைவிட உண்மையாக இருந்தது! வட்டார வழக்கின் ஆற்றலைப் பேசும் மொழிநூலார்க்கு இதைவிட நல்ல சான்று கிடைத்தல் அரிது.

சேவல் கூவுகிறது. ஆண்டவர் திரும்பிப் பேதுருவைப் பார்த்தார் என்னும் செய்தி லூக்காவில் மட்டுமே உண்டு. அப்பார்வை எத்தகையது என அவர் விவரிக்கவில்லை. ஓர் அடைமொழிகூட இல்லை. பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுதார். தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன் கூறுவார். பிறரால் இகழப்படுதல் இளிவு; உரியவற்றை இழத்தல் இழவு; முன்னிருந்த நிலையினின்று தாழ்தல் அசைவு; இன்மை வறுமை. பேதுருவின் அழுகை இவற்றுள் எதன்பாற்படும்? நிலை தாழ்ந்தமையால் அசைவு எனலாம். இளிவு எனவும் கூறலாம். ஆயின் அவரை இகழ்ந்தவர் பிறரல்லர், அவரே. நான்கும் ஒருங்கே கலந்த அழுகை எனக் கொள்வதே தகும். யோகான் செபாஸ்டியன் பாக், 1727ஆம் ஆண்டளவில் லைப்சிக் நகரில் இயற்றிய மத்தேயு பாடுகளின் இசையில், இவ்வழுகையை அடுத்து வரும் இரங்கற்பாடலைப் பேதுருவின் தாழ்குரலுக்குத் தரவில்லை. ஆல்டோ குரல் ஒன்று வயலினோடு அதனைப் பாடுகிறது. அழுகை அங்கே ஒரு மீனவருக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை.

லூக்கா தரும் மற்றொரு செய்தி இங்கே திறவுகோலாகிறது. பேதுருவின் விசுவாசம் அற்றுப்போகாதபடி தாம் மன்றாடியதாகவும், மனந்திரும்பிய பின் சகோதரரை நிலைப்படுத்தவேண்டும் என்றும் இயேசு அவ்விரவில் முன்னரே சொல்லியிருந்தார். அம்மன்றாட்டு வீணாயிற்றா? வாய் மும்முறை தவறியது. ஆயினும் அழுவதற்கு ஏதோ ஒன்று உள்ளே எஞ்சியிருந்தது. முற்றத்திற்கு முன் பேதுரு விசுவாசம் என்று எண்ணியது தம் மன உறுதியை. முற்றத்திற்குப் பின் அவரிடம் எஞ்சியது அவர் உண்டாக்கியதன்று. இன்னொருவர் மன்றாட்டினால் காக்கப்பட்டது. அவ்வேறுபாட்டை அறியாத விசுவாசம் பணிப்பெண்ணின் கேள்வி வரும்வரைதான் நிற்கும்.

இயேசுவோ மேலும் மேலும் சொல் குறைகிறார். ஏரோது பல கேள்விகள் கேட்டும் ஒரு விடையும் பெறவில்லை. பிலாத்து வியப்புறும் அளவிற்கு மௌனம். 1961இல் செசரியாவில் அகழ்ந்தெடுத்த கல்வெட்டு அந்தப் பிலாத்துவின் பெயரையும் பதவியையும் தாங்கி நிற்கிறது. ஆளுநரின் சொல் கல்லில் நின்றது. அவர் முன் நின்றவர் எதையும் பொறித்து வைக்கவில்லை. சிலுவையில் அவர் கூறியனவாக நான்கு நூல்களிலும் சேர்ந்து கிடைப்பவை ஏழு கூற்றுகளே. மாற்கும் மத்தேயுவும் ஒன்றை மட்டுமே தருகின்றனர்; அதுவும் ஒரு கேள்வி. கடவுள் ஏன் தம்மைக் கைவிட்டார் என்னும் அக்கேள்வி 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம். தமக்கென ஒரு சொல்லையும் ஆக்கிக்கொள்ள இயலாத வேளையில், தம் முன்னோர் அழுத பாட்டை அவர் எடுத்துக்கொண்டார். பாட்டு எதற்குப் பயன்படும் என்று கேட்போர்க்கு இவ்விடத்தைக் காட்டலாம். கேள்வி கேட்பது விசுவாசத்திற்குப் புறம்பு என்போர்க்கும் இவ்விடத்தையே காட்டலாம்.

பேதுருவின் இயற்பெயர் சீமோன். சிலுவையைச் சுமந்தவன் பெயரும் சீமோன்தான். ஆனால் இவன் வாக்குக் கொடுத்தவனல்லன். வயலிலிருந்து வந்துகொண்டிருந்த சிரேனே ஊரான். படைவீரர் கட்டாயப்படுத்தியதால் சுமந்தான். தொலைவில் நின்று பார்த்தவர்களாக மகதலேனா மரியாள், யாக்கோபுக்கும் யோசேக்கும் தாயான மரியாள், சலோமே ஆகியோரை மாற்கு பெயர் சொல்லிக் குறிக்கிறார். இவர்கள் அந்த வாரத்தில் பேசியதாக ஒரு சொல்லும் அதுவரை பதிவாகவில்லை. உடலைக் கேட்கத் துணிந்தவர் அரிமத்தியா யோசேப்பு; அச்சத்தால் மறைவில் சீடராயிருந்தவர் என யோவான் கூறும் மனிதர். ரோமர் சிலுவைத் தண்டனையின் கொடுமை எத்தகையது என்பதற்கு, 1968இல் எருசலேமின் வடபால் ஒரு கல்லறையில் கிடைத்த குதிகால் எலும்பு சான்று. இரும்பாணி அதில் பாய்ந்தபடியே இருந்தது. அத்தகைய தண்டனை பெற்றவரின் உடலைத் தமக்குரியதெனக் கேட்பது எளிய செயலன்று. வாய் அடங்கியிருந்தோர் கால் ஊன்றி நின்றனர்.

தமிழில் இந்நிகழ்ச்சிகளுக்குப் 'பாடுகள்' என்று பெயர். படுதலால் பாடு, பாடுதலும் பாடே. சாங்கோபாங்க சுவாமிகள் இலங்கையில் இயற்றிய வியாகுலப் பிரசங்கம் முதல், 1894இல் வெளிவந்த கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம், கண்ணதாசனின் இயேசு காவியம் ஈறாகத் தமிழ் இப்பாடுகளைப் பாடி வந்திருக்கிறது. கவிஞர்க்கு உரிய இடம் கல்வாரி மட்டுமன்று. கரிநெருப்பு எரிந்த அந்த முற்றமும் அவர்களுக்கு உரியதே. வாக்கை நம்பி வாழ்வோர் எல்லாரும் ஒருநாள் அங்கே நிற்க நேரும்.

அம்முற்றத்தோடு பேதுருவின் கதை முடியவில்லை. கரிநெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று அந்த முற்றம். மற்றொன்று உயிர்த்த இயேசு மீனும் அப்பமும் ஆயத்தம் செய்திருந்த திபேரியாக் கடற்கரை. அங்கே பேதுரு மீண்டும் மும்முறை வினவப்படுகிறார். இவர்களைவிட மிகுதியாகத் தம்மை நேசிக்கிறானா என்பது முதல் வினா. நேசிப்பதை நீர் அறிவீர் என்னும் கருத்தில் பேதுரு விடையளிக்கிறார். 'இவர்களைவிட' என்பதை அவர் தொடவேயில்லை. பழைய உறுதிமொழி எதுவும் திரும்பக் கேட்கப்படவில்லை. அவர் தரவும் இல்லை. ஆடுகளை மேய்க்கும் வேலை மட்டும் தரப்படுகிறது. முதுமையில் வேறொருவன் அவரைக் கட்டி, அவர் விரும்பாத இடத்திற்குக் கொண்டுபோவான் என்பதும் கூறப்படுகிறது. அதனைக் கேட்ட பேதுரு சாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்து, பின்னால் வரும் மற்றச் சீடனுக்கு என்ன ஆகும் என்று கேட்கிறார்.