கஞ்சா எண்ணெய் நோய் தீர்க்குமா?

"கஞ்சா எண்ணெய் வலிப்பையும் புற்றுநோயையும் குணப்படுத்துமாமே?" என்று நோயாளிகளின் குடும்பத்தினர் கேட்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

கஞ்சாச் செடியில் போதை தருவது டிஎச்சி என்ற இரசாயனம். கன்னாபிடியால் வேறு, அது போதை தராது.

மூளை நரம்பணுக்கள் கட்டுமீறித் தூண்டப்படும்போது வலிப்பு வருகிறது. நரம்பணுவுக்குள் கால்சியம் பெருகுவதைக் கன்னாபிடியால் தணிப்பதாகவும், மூளையை அமைதிப்படுத்தும் அடினோசினைக் கூட்டுவதாகவும் கருதப்படுகிறது. 'டிரவே' எனும் கடுமையான வலிப்பு நோயுள்ள 120 பிள்ளைகளும் இளையரும் பங்கேற்ற ஆய்வு 2017இல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்களுக்கு மாதம் சுமார் 12 முறை வந்த வலிப்பு 6 ஆகக் குறைந்தது. போலி மருந்து பெற்றவர்களுக்கு ஏறக்குறைய மாற்றமே இல்லை. 2018இல் அமெரிக்கா இம்மருந்தை அங்கீகரித்தது. ஆனால் கல்லீரலைப் பாதிக்கலாம். இரத்தப் பரிசோதனை அவசியம்.

புற்றுநோயின் கதை வேறு. ஆய்வுக்கூடத்தில் கன்னாபிடியால் பட்ட புற்றுநோய் அணுக்கள் மடிந்தன. எலிகளிடமும் சில கட்டிகள் மெதுவாக வளர்ந்தன. ஆனால் கண்ணாடித் தட்டு மனித உடலாகாது. முற்றிய புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆஸ்திரேலிய ஆய்வு 2022இல் வெளிவந்தது. அதில் நோயின் உபாதைகளைத் தணிப்பதில்கூட இந்த எண்ணெய் போலி மருந்தை விஞ்சவில்லை.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கஞ்சாப் பொருள் வைத்திருப்பது கடுங்குற்றம். அதைவிடப் பெரிய ஆபத்து, எண்ணெயை நம்பி சிகிச்சையைத் தள்ளிப்போடுவது. கைநழுவிய மாதங்கள் திரும்பி வாரா. முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.