புவியியல் பாடமும் நம் பிள்ளைகளும்



புவியியல் என்றதும் சுவரில் தொங்கும் உலகப் படமும், ஆறுகளின் பெயர்களை ஒப்பித்தலுமே பலருக்கு நினைவில் எழும். நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்தோம். 2015ஆம் ஆண்டு, எட்டாம் வகுப்பில் ஊர்ப் படம் வரைந்து வருமாறு பணித்தோம். ஒரு மாணவன் கோயில், குளம், கடைத்தெரு யாவற்றையும் செம்மையாக வரைந்திருந்தான். வாய்க்காலோடு படம் நின்றுவிட்டது. அவன் வீடோ வாய்க்காலுக்கு அப்பால், காலனியில். "உன் வீடு எங்கே?" என்று வகுப்பு முழுவதும் கேட்க வினவிவிட்டோம். அவன் தலை கவிழ்ந்தான். பிழை நம்முடையது.

அவ்வாண்டு நவம்பர், டிசம்பரில் வடகடலோர மாவட்டங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்ததை அனைவரும் அறிவீர்கள். பள்ளி திறந்ததும் எல்லாத் தெருப் பிள்ளைகளையும் கலந்து குழுக்களாக்கி, அளவுகோலும் நூலும் கொடுத்து அனுப்பினோம். சுவர்களில் வெள்ளம் விட்டுச்சென்ற கறை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என அளந்து வருவதே வேலை. மேலத்தெருவில் கறையே இல்லை. காலனியில் பிள்ளைகளின் இடுப்பளவு. தேங்கிய நீரின் மேற்பரப்பு சமமாதலால், கறை உயர்ந்த இடம் நிலம் தாழ்ந்த இடம். ஒரே அளவுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்ததும், சம உயரக் கோடு இன்னதென்று வகுப்புக்கே விளங்கிற்று.

"ஏன் ஐயா, இவர்கள் மட்டும் பள்ளத்தில் குடியிருக்கிறார்கள்?" என்றாள் மேலத்தெருச் சிறுமி. சரிவு இயற்கையானது, அதில் யார் எங்கே குடியிருப்பது என்று வகுத்தது சாதி என்று விடையிறுத்தோம். பாடநூலில் இல்லாத விடைதான். ஆயினும், மழுப்ப மனம் வரவில்லை.

பருவநிலை மாற்றத்தையும் அந்தக் கறையிலிருந்தே தொடங்கினோம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐக் கடந்துவிட்டது. வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்று கொள்ளும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு மிகும். பெய்யும்போது பெருமழையாகக் கொட்டும். ஆனால் ஒரு வெள்ளத்தின் பழி முழுவதையும் வானத்தின்மீது சுமத்தலாகாது. தூர்ந்த ஏரிகளுக்கும் அடைபட்ட வாய்க்கால்களுக்கும் அதில் பங்குண்டு.

நாற்று நடும் தாயார் ஒருவரை வகுப்புக்கு அழைத்தோம். நாற்காலியில் அமரத் தயங்கினார், வற்புறுத்தி அமர்த்தினோம். வாடை, கொண்டல், தென்றல், கோடை என நாற்றிசைக் காற்றையும் கைநீட்டிக் காட்டினார். பட்டம் பெற்ற நமக்குக் கொண்டலின் திசையில் ஐயமிருந்தது, அவருக்கு இல்லை. அடைமழை நாளில் கூலி இல்லை என்பதையும் அவரே எடுத்துரைத்தார். அவர் மகள் முதல் வரிசைக்கு வந்து நின்று கேட்டாள்.

பார்வையற்ற மாணவி ஒருத்திக்காகக் களிமண்ணில் ஊர்ப் படம் செய்தோம். மற்றப் பிள்ளைகளும் கண்களை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே மேடுபள்ளம் கற்றனர். அப்படத்தில் வாய்க்காலுக்கு அப்பாலுள்ள தெருக்களை அமைத்தவன் முன்பு தலை கவிழ்ந்த அதே மாணவன்.

கழகத்தாரிடம் ஒரு விண்ணப்பம். நம் மாலைப் படிப்பகங்களுக்கு மழைமானி ஒவ்வொன்று வேண்டும். நேர்ச்சுவருள்ள தகர டப்பாவும் அளவுகோலும் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை, ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர். இக்கணக்கைப் பிள்ளைகளே தேதியிட்டு எழுதி வரட்டும். ஐப்பசி பிறக்குமுன் வாங்கித் தந்தால் நலம்.